பதினோராம் குணஸ்தானத்தில் இருப்பவரும் வீதராகர்தானே, பிறகு ஏன் விழுகிறார்?

ஏடுபுரட்டி

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சமணம் சொல்லும் பதினான்கு குணஸ்தானங்களையும், அதாவது உயிர் வீடுபேறு நோக்கி ஏறும் படிகளையும், ஒரே தாளில் படமாக வரைந்துகொண்டிருக்கிறேன். பத்து வரை சிக்கல் இல்லை, அதற்கு மேலேதான் குழப்பம். பதினொன்று உபசாந்த மோகம், பன்னிரண்டு க்ஷீண மோகம், பதின்மூன்று சயோக கேவலி, பதினான்கு அயோக கேவலி. கேவலி என்றால் முழுதுணர்ந்தவர். இந்த நான்கு படியில் இருப்பவர்களையுமே வீதராகர் என்கிறார்கள். ஆனால் பதினொன்றில் இருப்பவர் கட்டாயம் கீழே இறங்குவார் என்றும் படிக்கிறோம். விருப்பு வெறுப்பு அற்றவர் எதனால் இறங்குகிறார்?

இதோடு ஒட்டிய கேள்விகள் இன்னும் சில. பதின்மூன்றாம் படியில் எல்லாம் உணர்ந்த பிறகும் உடம்பு இருக்கிறதே, அவருக்குப் பசி உண்டா? ஆசையே இல்லாதவர் அறம் உரைக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறார்? நாம் ஏன் அவருக்கு நைவேத்தியம் வைக்கிறோம்? உடம்பும் விட்டு வீடுபெற்ற சித்தர்தானே உயர்ந்தவர், பஞ்ச நமஸ்காரம் என்ற ஐவர் வணக்கத்தில் உடம்போடு இருக்கும் அருகருக்கு ஏன் முதலிடம்? பிள்ளைகள் இதையெல்லாம் கேட்கத்தான் போகிறார்கள். தெரிந்தவர்கள் எண்ணிக்கைகளோடு சொன்னால் படத்திலேயே எழுதிவிடுவேன்.

பொன்னூர்மலையான்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அது தெளிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

வீதராகம் என்பது மயக்கத்தையும் பற்றையும் உண்டாக்கும் மோகனீய வினை எழாத நிலை. அந்த வினை எழாமல் இருக்க இரண்டு காரணம் இருக்கலாம். அடங்கிக் கிடக்கலாம், அல்லது அடியோடு அழிந்திருக்கலாம். பழைய உரைகளிலேயே இதற்குத் தேற்றாங்கொட்டையைத்தான் காட்டுவார்கள். கலங்கல் நீரில் கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும், குடம் ஆடினால் மறுபடி கலங்கும். அது பதினொன்று. தெளிந்த நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துவிட்டால் ஆட்டினாலும் கலங்காது. அது பன்னிரண்டு. மேலிருந்து பார்த்தால் இரண்டு நீரும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடத்தையிலும் வேறுபாடு கிடையாது, இரண்டிலும் குறையற்ற ஒழுக்கமான யதாக்யாத சாரித்திரம்தான். வேறுபாடு சத்தையில், அதாவது உள்ளே இருப்பாகக் கிடக்கும் வினையில்.

எண்ணிக்கை கேட்டீர்கள். மோகனீயத்தின் உட்பிரிவு 28. தரிசன மோகம் (நம்பிக்கையை மயக்குவது) 3, சாரித்திர மோகம் (ஒழுக்கத்தை மயக்குவது) 25. அந்த 25இல் கஷாயம் 16, நோகஷாயம் 9. குரோதம், மானம், மாயை, லோபம் என்ற நான்கும் அனந்தானுபந்தி, அப்பிரத்யாக்யானம், பிரத்யாக்யானம், சஞ்ஜ்வலனம் என்று நான்கு தரத்தில் வருவதால் 16. சிரிப்பு, ரதி, அரதி, சோகம், பயம், அருவருப்பு, வேதங்கள் எனப்படும் மூன்று பால் வேட்கைகள் சேர்ந்து 9.

அழிக்கும் வழியான க்ஷபக சிரேணியில் இந்த 28உம் எங்கெங்கே தீர்கின்றன என்று பாருங்கள். நான்கு முதல் ஏழாம் குணஸ்தானத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் அனந்தானுபந்தி நான்கும் தரிசன மோகம் மூன்றும், ஆக 7 அழிந்து க்ஷாயிக சம்யக்த்வம் என்ற மாறாத நற்காட்சி வந்திருக்க வேண்டும். அது இல்லாமல் க்ஷபக சிரேணியில் கால் வைக்கவே முடியாது. எட்டில் புதிதாக எதுவும் அழிவதில்லை, பரிணாமத்தின், அதாவது உள்ள நிலையின், தூய்மைதான் ஏறுகிறது. ஒன்பதில் 20 அழிகின்றன. நடுத்தரக் கஷாயங்கள் எட்டும் (அப்பிரத்யாக்யானம் நான்கு, பிரத்யாக்யானம் நான்கு) முதலில். பிறகு நபும்சக வேதம், ஸ்திரீ வேதம், சிரிப்பு முதலான ஆறு, புருஷ வேதம், கடைசியாகச் சஞ்ஜ்வலனக் குரோதம், மானம், மாயை. பத்தில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, நுண்ணிய லோபம். அதன் பெயரால்தான் அந்தப் படி சூக்ஷ்ம சாம்பராயம் ஆயிற்று. 7, 20, 1, மொத்தம் 28. கணக்கு நேராகிவிட்டது. இப்படி அழித்தவர் பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குப் போகிறார். பதினொன்றை மிதிப்பதே இல்லை.

படம் வரைபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒன்றிலிருந்து பதினான்கு வரை ஒரே ஏணியாக வரைந்துவிட்டு, 'பதினொன்றில் விழாமல் தப்பினால் பன்னிரண்டு' என்று எழுதுகிறார்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு வழியே கிடையாது. எட்டிலிருந்தே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை 8, 9, 10, 11 என்று போய் முட்டுச்சந்தில் நிற்கும். இன்னொன்று 8, 9, 10, 12, 13, 14. இரண்டு கிளைக்கும் இரண்டு நிறம் கொடுங்கள்.

இறங்கும் விதத்தையும் சரியாகக் காட்ட வேண்டும். பதினொன்றில் தங்கும் காலம் அதிகபட்சம் அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடத்துக்கும் குறைவு. குறைந்தபட்சம் ஒரே சமயம். சமயம் என்பது காலத்தின் பகுக்க முடியாத நுண்கூறு. அடக்கிவைத்த காலம் தீர்ந்ததும் முதலில் எழுவது நுண்லோபம், ஆகவே பத்துக்கு வருகிறார். பிறகு ஒன்பது, எட்டு, ஏழு என்று ஏறிய வரிசையிலேயே இறங்கி ஆறுக்கு வருகிறார். அதன் பிறகு பரிணாமம் எப்படியோ அப்படி. மீண்டும் ஏறலாம், இன்னும் கீழே போகலாம், முதல் படியான மித்தியாத்துவம் வரைகூடச் சரியலாம். ஆனால் க்ஷாயிக சம்யக்த்வம் உள்ளவர் நான்குக்குக் கீழே வரமாட்டார், அந்த 7 அவருக்கு அழிந்தேபோயின. பதினொன்றில் இருக்கும்போதே ஆயுள் முடிந்தால் படிப்படியாக இறங்குவதில்லை. தேவகதியில் பிறந்து அக்கணமே நான்காம் குணஸ்தானம். பதினொன்றிலிருந்து ஒன்றுக்கு நேராக ஒரு பெரிய பாம்பு வரைந்த படங்களை இணையத்தில் பார்க்கலாம். பரமபத விளையாட்டுக்கு அது சரி, சாத்திரத்துக்குச் சரியில்லை.

ஒரு ஜீவன் முழுச் சம்சாரத்திலும் அடக்கும் வழியான உபசம சிரேணியில் ஏறுவது அதிகபட்சம் நான்கு முறை. அதற்குப் பிறகு ஏறினால் க்ஷபகம்தான்.

முக்குடைநிழல்

பொன்னூர்மலையான் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பன்னிரண்டில் இருப்பவர் முழு வீதராகர், இனி ஒருபோதும் விழமாட்டார், அந்தப் படியில் இறப்பும் இல்லை. இருந்தும் அவர் இன்னும் சத்மஸ்தர், முழுதுணர்ந்தவர் அல்லர். பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். ராகம் முதலில் போகிறது, அறிவு பிறகு வருகிறது. ஞானம் வந்ததால் ஆசை போயிற்று என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வரிசைக்கு இது நேர் எதிர். தத்துவார்த்த சூத்திரத்தின் பத்தாம் அத்தியாயம் தொடங்குவதே 'மோகம் அழிந்து, பின் ஞானாவரணம், தரிசனாவரணம், அந்தராயம் அழிவதால் கேவலம்' என்றுதான். பின்னவை மூன்றும் அறிவை மறைப்பது, காட்சியை மறைப்பது, ஆற்றலைத் தடுப்பது. மோகத்தை மட்டும் தனியாகப் பிரித்து முன்னால் வைத்ததற்குக் காரணம் இந்த வரிசை.

பன்னிரண்டின் முடிவில் 16 பிரகிருதிகள், அதாவது வினை உட்பிரிவுகள், போகின்றன. கடைசிக்கு முந்திய சமயத்தில் நித்திரை, பிரசலை என்ற இரண்டு தூக்க வினைகள். கடைசிச் சமயத்தில் ஞானாவரணீயம் 5, தரிசனாவரணீயத்தில் மீதி 4, அந்தராயம் 5. கேவலிக்குத் தூக்கம் கிடையாது என்று சொல்வது வெறும் புகழ்ச்சி இல்லை. தூக்கத்துக்கு உரிய வினையே அங்கே இல்லை.

அடுத்த சமயம் பதின்மூன்று. கேவலஞானம், கேவலதரிசனம், அனந்த சுகம், அனந்த வீரியம். அழிந்தவை மொத்தம் 63: ஆன்ம குணத்தைக் கெடுக்கும் காதி வினைகளின் 47, நாம வினையில் 13, ஆயு 3. வினைப் பிரகிருதிகள் 148 என்பதால் மீதி 85. உடம்பு நிற்பது இந்த 85ஆல்தான். வேதனீயம் (இன்ப துன்பம் தருவது), ஆயு (வாழ்நாள்), நாமம் (உடல் அமைப்பு), கோத்திரம் (குலம்) நான்கும் அகாதி. இவை ஆன்ம குணத்தைக் கெடுப்பதில்லை, உடம்பை மட்டும் நிறுத்திவைக்கும். இந்தக் கணக்கெல்லாம் கோம்மடசாரத்தில் படிப்படியாக இருக்கிறது. சிரவணபெளகொளாவில் 981இல் பாகுபலி சிலையை நிறுவிய சாவுண்டராயருக்காக நேமிசந்திரர் செய்த நூல் அது.

கேவலிக்குப் புது வினை ஒட்டாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒட்டும், ஆனால் நிற்காது. மனம், சொல், உடல் அசைவு வினையை இழுத்து வரும். அதை எவ்வளவு காலம், எவ்வளவு கடுமையாகப் பிடித்துவைப்பது என்பதைத் தீர்மானிப்பது கஷாயம். கஷாயம் இல்லாததால் 11, 12, 13 மூன்று படியிலும் இன்பம் தரும் சாதா வேதனீயம் ஒன்று மட்டும் வந்து அடுத்த சமயமே உதிர்ந்துவிடும். பதினான்கில் அசைவும் நின்றுவிடுவதால் அதுவும் இல்லை.

பதின்மூன்றின் காலம் குறைந்தது அந்தர்முகூர்த்தம், அதிகபட்சம் எட்டு ஆண்டும் சிறிதும் குறைந்த ஒரு பூர்வகோடி. ஒரு பூர்வம் என்பது 84 லட்சத்தை 84 லட்சத்தால் பெருக்கிய ஆண்டு, அதாவது 70,56,000 கோடி. அப்படிக் கோடி பூர்வம். ஆயுள் முடிய அந்தர்முகூர்த்தம் இருக்கும்போது மற்ற மூன்று வினைகளின் நிலைக்காலம் ஆயுவைவிட நீண்டிருந்தால் அதைச் சமன் செய்யக் கேவலி சமுத்காதம் நடக்கும். ஆன்மப் பிரதேசங்கள் உடலை விடாமலே வெளியே விரிகின்றன: முதல் சமயம் தண்டம் (தடி), இரண்டாவது கபாடம் (கதவு), மூன்றாவது பிரதரம் (பரப்பு), நான்காவது லோகபூரணம் (உலகம் முழுதும்). பிறகு தலைகீழ் வரிசையில் நான்கு சமயத்தில் சுருங்கும். மொத்தம் எட்டே சமயம்.

பிறகு சுக்கிலம் என்ற தூய தியானத்தின் மூன்றாம் வகையில் பருவசைவு, நுண்ணசைவு எல்லாம் அடங்குகின்றன. பதினான்காம் படியின் நீளம் அ, இ, உ, வடமொழியின் ரு, லு என்ற ஐந்து குற்றுயிரை நிதானமாகச் சொல்லும் நேரம். கடைசிக்கு முந்திய சமயத்தில் 72, கடைசியில் 13 போய் 85உம் தீர்கின்றன. 13 என்பது தீர்த்தங்கரருக்கு. மற்றக் கேவலிகளுக்குத் தீர்த்தங்கர நாம வினை இல்லாததால் 12. அடுத்த ஒரே சமயத்தில் உயிர் உலக உச்சியை அடையும். அதற்கு மேல் போகாததற்குக் காரணம் இயக்கத்துக்குத் துணையான தர்மாஸ்திகாயம் அங்கே இல்லை என்பதே. வடிவம் கடைசி உடம்பைவிடச் சற்றே குறைந்தது.

பசி பற்றிய கேள்வி. கேவலிக்குக் கவளாகாரம், அதாவது வாயால் கவளமாக உண்பது, இல்லை. துன்பம் தரும் அசாதா வேதனீயம் இருக்கிறது, ஆனால் அதைப் பசியாக்கித் துன்புறுத்த மோகத்தின் துணை வேண்டும். மேலும் வேதனீயத்தின் உதீரணை, அதாவது வினை உரிய காலத்துக்கு முன்பே பலன் தருவது, ஆறாம் குணஸ்தானத்தோடு முடிந்துவிடுகிறது. உடம்பு மிகத் தூய பரம ஔதாரிகமாகி, உடம்பைக் கட்டும் நுண்ணிய நோகர்ம அணுக்களை இடைவிடாமல் ஏற்பதால் நிற்கிறது. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

சௌகார்பேட்டை வாசகர்

ஐயத்துக்கு இடமில்லை என்பதைத் திகம்பர மரபில் என்று திருத்திச் சொல்லுங்கள் ஐயா. வெண்ணாடை உடுக்கும் எங்கள் சுவேதாம்பர மரபில் கேவலி உண்கிறார். அதே தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஜினருக்குப் பதினொரு பரீஷஹங்கள் (தாங்க வேண்டிய இடர்கள்) உண்டு என்று வருகிறது. அந்தப் பதினொன்றில் பசியும் தாகமும் சேரும். எங்கள் வாதம் எளியது. பசி வேதனீயத்தின் பலன், மோகத்தின் பலன் அல்ல. உணவின் மேல் பற்று வேறு, உடம்பு உணவு கேட்பது வேறு. பற்றில்லாமல் உண்ண முடியாது என்றால் பற்றில்லாமல் நடக்கவும் அமரவும்கூட முடியாது என்றாகிவிடுமே. நீங்களே சொன்ன பூர்வகோடிக் காலம் ஓர் உடம்பு எப்படி நிற்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், இரு மரபுக்கும் இடைப்பட்ட யாபனீய மரபின் ஆசிரியர் சாகடாயனர் இதற்கென்றே தனி நூல் எழுதினார். அவர் சார்ந்த யாபனீய முனிவர்கள் ஆடை துறந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடைப் பிரச்சினையும் இதுவும் ஒன்றல்ல.

பெண்ணுக்கு அதே பிறவியில் கேவலஞானம் உண்டா என்பதிலும் இரு மரபும் பிரிகின்றன. எங்களுக்குப் பத்தொன்பதாம் தீர்த்தங்கரர் மல்லி பெண். வகுப்பில் இரண்டு மரபுப் பிள்ளைகளும் இருந்தால் இந்த இரண்டு இடத்திலும் 'மரபுக்கு மரபு வேறு' என்று ஒரு குறிப்பு போடுவது நல்லது.

முக்குடைநிழல்

ஏற்றுக்கொள்கிறேன், 'திகம்பர மரபில்' என்று சேர்த்துப் படிக்கவும். அந்தச் சூத்திரத்தை எங்கள் உரையாசிரியர்கள் உபசார வழக்கு என்கிறார்கள். காரணமாகிய வேதனீயம் இருப்பதால் காரியத்தின் பெயரும் சொல்லப்பட்டது, பசி என்ற அனுபவம் இல்லை என்பது அவர்கள் விளக்கம். நடப்பதையும் அமர்வதையும் பற்றிக் கேட்டீர்கள். அவையும் விருப்பத்தால் நடப்பவை அல்ல, நாம வினையின் உதயத்தால் இயல்பாக நடப்பவை என்பதே எங்கள் பதில். சூத்திரம் ஒன்றுதான், எழுத்தில் மாற்றமில்லை. படிக்கும் முறைதான் பிரிகிறது.

கழுகுமலைக்காரி

ஆசை இல்லாதவர் ஏன் உரைக்கிறார் என்ற கேள்விக்கு வருகிறேன். சுருக்கமான பதில்: அவர் உரைக்க நினைப்பதில்லை. முற்பிறவியில் பதினாறு பாவனைகளால் கட்டிய தீர்த்தங்கர நாம வினை பதின்மூன்றாம் படியில் உதயமாகிறது. கேட்போரின் புண்ணியமும் சேரும்போது திவ்வியத்வனி என்ற தெய்வ ஒலி எழுகிறது. ரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் ஒரே கேள்வியில் இதை முடித்துவிடுகிறார். மத்தளக்காரன் கை பட்டு ஒலிக்கும் மத்தளம் எதை எதிர்பார்த்து ஒலிக்கிறது என்கிறார்.

கேட்கத் தக்கவர் இல்லாவிட்டால் ஒலி எழாது என்பதற்கு மகாவீரர் வரலாறே சான்று. ரிஜுகூலை ஆற்றங்கரையில் வைகாசி வளர்பிறைத் தசமியில் கேவலஞானம். அதன் பிறகு 66 நாள் மௌனம். இந்திரபூதி கௌதமர் வந்து கணதரர், அதாவது முதன்மைச் சீடர், ஆன பிறகே ராஜகிருகத்து விபுலாசல மலையில் முதல் உரை. அந்த நாளைத்தான் வீரசாசன ஜெயந்தியாகக் கொண்டாடுகிறோம். இதுவும் திகம்பர மரபு, இன்னொருவர் திருத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கேவலிகளும் தீர்த்தங்கரர் அல்லர் என்பதைப் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். ஒரு காலச்சுற்றின் பாதியில் இங்கே 24 தீர்த்தங்கரர்தான், கேவலிகள் எண்ணற்றவர். உரையே நிகழ்த்தாத மூக கேவலிகள் உண்டு. கேவலம் பெற்ற அந்தர்முகூர்த்தத்திலேயே வீடுபெறும் அந்தகிருத் கேவலிகள் உண்டு. பாகுபலி தீர்த்தங்கரர் அல்லர், சாமானிய கேவலி. அறம் உரைக்கும் சபையான சமவசரணமும், முக்குடை, அசோகு, சாமரை முதலான எட்டுப் பிராதிகாரியங்களும் (சிறப்புச் சின்னங்கள்), 34 அதிசயங்களும் எல்லாம் தீர்த்தங்கரருக்கு உரியவை. அருகரின் 46 குணம் என்று மனப்பாடம் செய்கிறோமே, 34, 8, கேவலஞானம் முதலான அனந்த சதுஷ்டயம் 4 என்று கூட்டி, அந்தப் பட்டியலை அப்படியே பாகுபலிக்குப் பொருத்தக் கூடாது. கடைசி நான்கு மட்டும்தான் எல்லோருக்கும் பொது.

எவ்வளவு சிறிய பற்று வழி மறிக்கும் என்று காட்டப் பிள்ளைகளுக்கு மூன்று பேரைச் சொல்லலாம். பாகுபலி ஓராண்டு அசையாமல் நின்றார், கொடி படர்ந்தது. தன்னால் அண்ணன் பரதன் மனம் நொந்தானே என்ற நினைவு அவரிடம் எஞ்சியிருந்தது. பரதன் வந்து வணங்கியதும் அது தீர்ந்து கேவலம் பிறந்தது என்று ஆதிபுராணம் சொல்கிறது. சுவேதாம்பர வரலாற்றில் தடையாக நின்றது மானம். தனக்கு முன்பே துறவு பூண்ட தம்பியரை வணங்கத் தயங்கினார், தங்கையர் பிராமியும் சுந்தரியும் வந்து 'யானையிலிருந்து இறங்கு' என்றார்கள். கழுகுமலைப் பாறையில் பாகுபலிக்கு இரு புறமும் நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது பாண்டவர். சத்துருஞ்சயத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அணிகளைப் பகைவர் பூட்டியபோது தருமர், வீமர், அருச்சுனர் மூவரும் வீடுபெற்றனர். நகுலரும் சகதேவரும் தம் உடம்புக்காகக் கலங்கவில்லை, அண்ணன்மார் என்ன ஆவார்களோ என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் போனது சர்வார்த்தசித்தி. தேவலோகத்தில் அதற்கு மேல் இடமில்லை, ஆனாலும் அது வீடு அல்ல. மூன்றாமவர் கௌதமர். குருவின் மேல் வைத்த அன்பே அவருக்குத் தடையாக நின்றது என்பது சுவேதாம்பர மரபு. மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் அடைந்த அதே ஐப்பசி அமாவாசை நாளில் அவர் கேவலி ஆனார் என்பதில் இரு மரபுக்கும் வேறுபாடு இல்லை.

கஷாயத்தின் தரத்தை நாமே அளக்க ஒரு கணக்கும் இருக்கிறது, வகுப்பில் இது நன்றாக எடுபடும். ஒரு கோபத்தின் வாசனை உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறது? அந்தர்முகூர்த்தத்துக்குள் தீர்ந்தால் சஞ்ஜ்வலனம், பதினைந்து நாள் வரை பிரத்யாக்யானம், ஆறு மாதம் வரை அப்பிரத்யாக்யானம், அதையும் தாண்டினால் அனந்தானுபந்தி. சுவேதாம்பரக் கணக்கில் பதினைந்து நாள், நான்கு மாதம், ஓராண்டு, வாழ்நாள் முழுதும் என்று வரும். 'போன தீபாவளிக்கு அவன் சொன்னது' என்று யாராவது தொடங்கினால் எந்தத் தரம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தமிழில் படிக்கத் தர இடம் தேடுகிறீர்கள் என்றால் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையே போதும். 'ஒருமூன்று அவித்தோன் ஓதிய ஞானத் திருமொழிக்கு' அல்லாமல் தன் செவி திறவாது என்கிறார் கவுந்தியடிகள். காமம், வெகுளி, மயக்கம் மூன்றையும் அவித்தவர் முதலில், ஞானத் திருமொழி பிறகு. முக்குடைநிழல் ஐயா சொன்ன அதே வரிசைதான். சமவசரணம் பற்றிச் சொல்லும்போது சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதான ஓவியத்தைக் காட்டுங்கள். அந்தத் தாமரைக் குளம் சமவசரணத்தின் காதிகா பூமி என்ற நீர்ப்பகுதி என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

பொன்னூர்மலையான்

பூசை பற்றியும் யாராவது சொல்லியாக வேண்டும். அஷ்டதிரவியம் எதுவும் அவருடைய தேவைக்காக வைப்பதில்லை. ஒவ்வொன்றையும் வைக்கும்போது சொல்லும் வாசகத்தைக் கவனித்தாலே தெரியும். நீர் பிறப்பு, மூப்பு, இறப்பு நீங்க. சந்தனம் சம்சார வெம்மை தணிய. அட்சதை அழியாப் பதம் பெற. மலர் காமம் அழிய. நைவேத்தியம் நம் பசிநோய் அழிய. தீபம் மோக இருள் நீங்க. தூபம் எட்டு வினையும் எரிய. கனி வீடுபேறாகிய பலன் கிடைக்க. பசி என்பது பதினெட்டுக் குற்றங்களில் முதலாவதாக எண்ணப்படுவது. அது இல்லாதவர் முன்னால்தான் அது எனக்கும் இல்லாமல் போகட்டும் என்று வைக்கிறோம். வைத்தது நிர்மால்யம். அதை எடுத்துப் பிரசாதமாக உண்பது முறையல்ல. வேறு கோயில் பழக்கத்தில் வருபவர்கள் கை நீட்டும் இடம் இது, முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

வரம் கேட்பது இன்னொரு சிக்கல். வீதராகர் மகிழ்ந்து தரவும் மாட்டார், சினந்து பறிக்கவும் மாட்டார். அவர் குணத்தை நினைக்கும்போது நம் பரிணாமம் தூய்மையாகிறது, அதனால் பாவ வினையின் வேகம் குறைகிறது. பலன் வருவது அந்த வழியில்தான். பத்மாவதி, ஜ்வாலாமாலினி, தர்மதேவி போன்ற யட்சியர் நான்காம் குணஸ்தானத்துக்கு மேல் போகாத தேவர்கள். அவர்களுக்குச் செய்வது சாசன தேவதைக்குரிய மரியாதை. அதை அருகர் பூசையோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இந்த விஷயத்தில் நம் கோயில்களில் கொஞ்சம் தளர்வு இருக்கிறது என்பது என் கருத்து.

பஞ்ச நமஸ்காரத்தில் அருகர் முதலில் வருவது உதவியின் அளவால். குணக்கணக்கில் சித்தருக்கு எட்டு வினையும் இல்லை, அருகருக்கு இன்னும் நான்கு இருக்கிறது. ஆனால் சித்தர் பேசுவதில்லை, கண்ணுக்குத் தெரிவதுமில்லை. அப்படி ஒரு நிலை உண்டு என்று நமக்குக் காட்டியவர் அருகர்.

படத்தில் சேர்க்க உருவ வேறுபாடும் சொல்கிறேன். அருகர் படிமத்தில் முக்குடை, பாமண்டலம் (ஒளிவட்டம்), பீடத்தில் இலாஞ்சனை (அடையாளச் சின்னம்) இருக்கும்: ஆதிநாதருக்கு எருது, நேமிநாதருக்குச் சங்கு, பார்சுவநாதருக்குப் பாம்பு, மகாவீரருக்குச் சிங்கம். சித்தர் படிமம் ஓர் உலோகத் தகட்டில் மனித வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தையே உருவமாக விட்டுவைப்பது. வடிவம் உண்டு, உடம்பு இல்லை என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

ஏடுபுரட்டி

எல்லோருக்கும் நன்றி. படத்தை இரண்டு கிளையாக மாற்றிவிட்டேன், 10இலிருந்து 12க்கு நேர் அம்பு போட்டாயிற்று. பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகும் இன்னும் ஒன்று. இப்போது கேவலி யாராவது இருக்கிறாரா? இன்றைய முனிவர் எந்தப் படி வரை ஏறலாம்?

முக்குடைநிழல்

நாம் வாழும் பரத க்ஷேத்திரத்தில் இல்லை. மகாவீரருக்குப் பின் கௌதமர் 12, சுதர்மர் 12, ஜம்பு 38, ஆக 62 ஆண்டு அடுத்தடுத்துக் கேவலிகள் இருந்தார்கள். சுவேதாம்பரக் கணக்கில் 64. ஜம்புவோடு அந்தத் தொடர் முடிந்தது. இப்போது நடக்கும் பஞ்சம (ஐந்தாம்) காலத்தில் ஏழாம் குணஸ்தானம் வரைதான் ஏற முடியும், அதிலும் ஆறுக்கும் ஏழுக்கும் இடையே ஊசலாட்டமாக. எட்டிலிருந்து சிரேணி தொடங்குகிறது. க்ஷபகத்துக்கு வஜ்ர ரிஷப நாராசம் என்ற முதல் எலும்புக்கட்டு வேண்டும், உபசமத்துக்கு முதல் மூன்றில் ஏதாவது ஒன்று. இந்தக் காலத்து உடம்பில் அவை கிடையாது. சுக்கிலத் தியானம் இல்லை, தர்மத் தியானம் உண்டு.

விதேக க்ஷேத்திரம் என்ற வேறு நிலப்பகுதியில் கதை வேறு. அங்கே எக்காலத்திலும் தீர்த்தங்கரர் உண்டு, இப்போது சீமந்தரர் முதலாக இருபது பேர். ஆசாரியர் குந்தகுந்தர் சீமந்தரரின் சமவசரணத்துக்குப் போய் வந்தார் என்பது மரபு. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் வணங்கப்படும் பாதங்கள் அவருடையவை. பிள்ளைகளை அழைத்துப் போவதானால் படத்தையும் கையில் எடுத்துப்போங்கள், மலை மேல் உட்கார்ந்து ஆறாம் ஏழாம் படியை விளக்க வசதியாக இருக்கும்.

சௌகார்பேட்டை வாசகர்

அந்தப் படத்தை முடித்ததும் இங்கே பதிவிடுங்கள். 13க்கு எதிரே உணவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.